கறுப்பு டி-ஷர்ட்டும் 100 கிராம் உப்பும்

திருப்பூர் பக்கம் சொந்தக்காரங்க இருக்கறவங்களுக்கு ஒரத்துப்பாளையம் அணை தெரிஞ்சிருக்கும். 1992ல நொய்யல் ஆத்துல பாசனத்துக்குன்னு கட்டினது, கடைசில சாயத்தண்ணி தேங்கற தொட்டியாத்தான் ஆச்சு. அந்தப் பக்கம் எங்க அத்தை வீட்டுக் கிணத்துத் தண்ணில பருப்பே வேகாது, தென்னை ஓலை நுனி கருகி நிக்கும். சின்ன வயசுல நான் இதெல்லாம் சாயக் கலரால வர்ற வினைன்னு நினைச்சிட்டு இருந்தேன். இல்லீங்க, பெரிய வில்லன் உப்பு.

துணிக்கு சாயம் போட எதுக்கு உப்புன்னா, காட்டன் தண்ணில நனைஞ்சா அதுமேல லேசா நெகட்டிவ் சார்ஜ் வரும், காட்டனுக்குப் போடற ரியாக்டிவ்ங்கற வகைச் சாயமும் நெகட்டிவ்தான், அதனால ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளும். உப்பைக் கொட்டினா சோடியம் அயனிங்க நடுவுல பூந்து அந்தத் தள்ளலை மட்டுப்படுத்தும், சாயம் நூலுகிட்ட போகும், அப்புறம் சோடா ஆஷ்ங்கற காரத்தைப் போட்டதும் கெட்டியா ஒட்டிக்கும். கல்யாணத் தரகர் மாதிரி, ரெண்டு வீட்டையும் சேர்த்து வெச்சுட்டு உப்பு கிளம்பிடும். அதாவது போட்ட உப்புல துளிகூட செலவாகறதில்ல, மொத்தமும் கழிவுத் தண்ணியோட வெளிய வந்துடும்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணி, கறுப்பு மாதிரி டார்க் கலர்னா லிட்டருக்கு 80 கிராம் உப்புன்னு வெச்சுக்கிட்டா 640 கிராம். 200 கிராம் எடை இருக்கற ஒரு டி-ஷர்ட்டுக்கு 100 கிராமுக்கு மேலயே வருது!

2011 ஜனவரில சென்னை ஐகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைங்களை மூடச் சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் திறக்கணும்னா ஒரே வழி, ஒரு சொட்டு கழிவும் வெளிய விடக்கூடாது. ஜீரோ டிஸ்சார்ஜ்னு சொல்றாங்களே, அதான்.

முதல்ல பாக்டீரியா தொட்டி. அது அழுக்கைத் தின்னும், கலரும் ஓரளவு போகும், ஆனா உப்பை ஒண்ணும் பண்ணாது. அடுத்தது ஆர்ஓ. வீட்டு ஆர்ஓ-ல ஒரு குழாய் சிங்க்ல வேஸ்ட் தண்ணி விட்டுட்டே இருக்கும்ல, இங்கயும் அதே கதைதான், என்ன, பல கட்டமா ஓட்டி முக்கால்வாசித் தண்ணிக்கும் மேல நல்ல தண்ணியா எடுத்துடுவாங்க. மிச்சம் இருக்கறது கடும் உப்புக் கரைசல், அதைக் காய்ச்சித்தான் ஆகணும், அங்கதான் காசு கரையும், ஏன்னா தண்ணிய ஆவியாக்கறது அவ்வளவு எரிபொருள் கேக்கற வேலை. அதனால ஒரு தந்திரம் பண்றாங்க. ஊட்டில தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிடும்ல, காத்தழுத்தம் கம்மிங்கறதால. அதே மாதிரி வரிசையா பாத்திரங்களை வெச்சு ஒவ்வொண்ணுலயும் அழுத்தத்தைக் குறைச்சுட்டே போவாங்க, முதல் பாத்திரத்துல வந்த ஆவியே ரெண்டாவதைக் கொதிக்க வைக்கும், அதோட ஆவி மூணாவதை. ஒரு தடவை போட்ட சூட்டை மூணு நாலு தடவை கறந்துடலாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கடைசி கட்டம். நிறைய பட்டறைல சாதா உப்புக்குப் பதிலா கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்பேட் போடறாங்க. அதுக்கு ஒரு வினோத குணம்: 32 டிகிரில 100 கிராம் தண்ணில கிட்டத்தட்ட 50 கிராம் கரையும், 10 டிகிரிக்கு ஆறவெச்சா 9 கிராம்தான் தாங்கும். சாதா உப்பு எந்தச் சூட்டுலயும் 36 கிராம் பக்கத்துலயே நிக்கும். ஆக கரைசலை சில்லர்ல குளிர வெச்சா போதும், கிளாபர் உப்பு மட்டும் கல்கண்டு மாதிரி படிகமா இறங்கிடும், அதை எடுத்து மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்பலாம்.

இவ்வளவும் பண்ண பாய்லர்ல விறகோ நிலக்கரியோ எரியணும். ஆத்தைக் காப்பாத்தி புகையை மேல அனுப்பறோம், இது எனக்கு உறுத்தற விஷயம்தான். அதனால முதல்ல உப்பைக் குறைக்கறதுதான் புத்திசாலித்தனம்னு நான் சொல்லுவேன். கிலோவுக்கு 4, 5 லிட்டர் தண்ணில வேலை முடிக்கற மெஷின், உப்பு கம்மியா கேக்கற சாயம், இல்லாட்டி துணிக்கே முன்கூட்டி பாசிட்டிவ் சார்ஜ் ஏத்தி தரகரே வேண்டாம்னு பண்றது, எல்லாம் இருக்கு. இதுக்கு ஆகற செலவைப் பட்டறைக்காரர் தனியா தூக்க முடியாது, பீஸ்க்கு சில்லறைக் காசுல பேரம் பேசற பெரிய பிராண்டுங்க விலைல அதைச் சேர்த்துக் குடுத்தாத்தான் நடக்கும். ஆபீஸ்ல எல்இடி பல்பு மாத்தினோம்னு கலர் போட்டோவோட அறிக்கை விடறவங்க, அடுத்த சீசனுக்கு எத்தனை டன் கறுப்பு ஆர்டர் பண்றோம்னும் கொஞ்சம் பாக்கலாம்.

இன்னொண்ணு பாக்கி இருக்கு. கிளாபர் உப்பை எடுத்தப்புறமும் அடில சாயமும் பலவித உப்பும் கலந்த ஒரு பழுப்பு மண்டி தங்கும். அதை யாராலயும் மறுபடி உபயோகிக்க முடியல, காயவெச்சு மூட்டை கட்டி ஷெட்ல அடுக்கி வெச்சிருக்காங்க. மழை வந்தா உள்ள தண்ணி போகாம பாத்துக்கணும், போச்சுன்னா அது மறுபடி கிணத்துக்குத்தான் வரும்.