உறிஞ்சவில்லையா? மெஷினைக் கவிழ்த்துப் பாருங்கள்

வாக்குவம் கிளீனர் பழுது பார்ப்பது என் தொழில். அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: "மோட்டார் நல்லா ஓடுது சார், ஆனா கார்ப்பெட்ல குப்பை அப்படியே கிடக்குது." மெஷினைக் கவிழ்த்தால் பெரும்பாலும் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். அடியில் சுழலும் உருளை வடிவ பிரஷ்ஷான பிரஷ் ரோலரில் ஒரு சவுரி கட்டுகிற அளவுக்குத் தலைமுடி சுற்றிக்கொண்டு, ரோலரையே அசையவிடாமல் இறுக்கியிருக்கும். மோட்டார் மேல் ஒரு தப்பும் இருக்காது.

கார்ப்பெட்டைப் பொறுத்தவரை உறிஞ்சுவது பாதி வேலைதான். இழைகளுக்குள் புதைந்த மண்ணைக் கிளறி மேலே கொண்டுவருவது பிரஷ். மோட்டாரே இல்லாத காலத்தில் பிரஷ்ஷை மட்டும் நம்பி மெஷின் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற ஊரில் பீங்கான் பாத்திரக் கடை வைத்திருந்தவர்கள் மெல்வில் பிஸ்ஸலும் மனைவி அன்னாவும். பாத்திரம் உடையாமலிருக்கப் பெட்டிகளில் அடைத்து வரும் மரத்தூள் கடைக் கார்ப்பெட்டில் சிந்தி ஒட்டிக்கொள்ளும், துடைப்பத்துக்கு மசியாது. 1876ல் மெல்வில் தன் தள்ளுபெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். தள்ளினால் சக்கரம் சுற்றும், சக்கரம் பிரஷ்ஷைச் சுழற்றும், பிரஷ் குப்பையை வாரிப் பெட்டிக்குள் இருக்கும் தட்டில் போடும். அவ்வளவுதான், மின்சாரமே வேண்டாம். 1889ல் மெல்வில் இறந்த பிறகு கம்பெனியை அன்னாவே நடத்தினார். அந்தக் காலத்தில் ஒரு பெண் தொழிற்சாலை நடத்துவது சாதாரண விஷயமில்லை.

லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் 1901ல் வேறு வழியில் போனார். அவருடைய மெஷின் குதிரை வண்டியில் ஏறித் தெருவில் வந்து நிற்கும், நீளமான குழாய்கள் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். எல்லாம் உறிஞ்சல்தான்.

இரண்டையும் ஒரே மெஷினில் சேர்த்து வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஒஹையோ மாநிலத்துக் கேன்டனில் ஒரு கடையைக் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்க்ளர். அவருக்கு ஆஸ்துமா. தள்ளுபெட்டி கிளப்பும் தூசி மூச்சை அடைத்தது. சுழலும் பிரஷ்ஷை அவர் விடவில்லை. அதோடு ஒரு மின்விசிறி மோட்டாரையும், துடைப்பக் கட்டையையும், தூசி பிடிக்க ஒரு தலையணை உறையையும் சேர்த்தார். 1908ல் காப்புரிமை கிடைத்தது, அது பிறகு வாக்குவம் கிளீனருக்குப் பேர்போன ஹூவர் குடும்பத்தின் கைக்குப் போனது.

சரி, இப்போது உங்கள் மெஷினுக்கு வருவோம். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைத்து விரலை உள்ளே விடாதீர்கள். ரோலரின் நீளவாக்கில் கத்தரியால் முடியை வெட்டி உருவுங்கள். அதன் இரண்டு முனைகளையும் கட்டாயம் பாருங்கள். முடி அங்கே புகுந்து, ரோலர் சுழலத் தாங்கும் பேரிங்கை இறுக்கினால், மோட்டாரிலிருந்து ரோலரைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் உரசிச் சூடாகி அறுந்துவிடும். ரப்பர் கருகுகிற வாடை வந்தால் மெஷினை அப்போதே நிறுத்திவிடுங்கள். பிரஷ்ஷின் முள் தேய்ந்து கார்ப்பெட்டைத் தொடவில்லை என்றால் ரோலரை மாற்றத்தான் வேண்டும், வேறு வைத்தியம் கிடையாது.

அப்புறம் ஃபில்டர். கழுவக்கூடிய வகை என்றால் கழுவுங்கள், ஆனால் ஈரம் முழுசாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள். தூசிப் பையை வீட்டுக்குள்ளேயே உதறினால் ஸ்பேங்க்ளருக்கு இருந்த அதே தொல்லை உங்களுக்கும் வரும். வீட்டில் கொத்தனார் வேலை நடந்திருந்தால் சிமென்ட் தூளையும் பட்டித் தூளையும் சாதாரண மெஷினால் உறிஞ்சாதீர்கள். அந்த நைசான தூள் ஃபில்டரை அடைத்து மோட்டாரைச் சூடாக்கும். அப்படி எரிந்துபோன மோட்டார்கள் என் பட்டறையில் ஒரு மூலை நிறைய இருக்கின்றன.

மோட்டார் இல்லாத அந்தத் தள்ளுபெட்டி இன்னும் ஒழிந்துவிடவில்லை. சாப்பிட ஆள் உட்கார்ந்திருக்கும்போது சத்தமில்லாமல் ரொட்டித் தூளை வார அதுதான் வசதி என்று ஓட்டல்காரர்கள் வைத்திருக்கிறார்கள். அதையும் கவிழ்த்து முடி எடுக்கத்தான் வேண்டும்.