வயிற்றில் கோத்த நீரை எடுக்க ஏன் பயம்?

புற்றுநோய் முற்றிய நிலையில் வயிற்றில் நீர் கோத்து வருபவர்களை நோய்த்தணிப்புப் பிரிவில் அடிக்கடி பார்க்கிறேன். வயிறு விண்ணென்று இருக்கும், நாலு வாய் சாப்பிட்டதுமே தட்டைத் தள்ளிவிடுவார்கள், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ராத்திரி முழுக்கத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே கழிப்பார்கள். நீரை எடுத்துவிடலாமா என்று கேட்டால் நோயாளி தலையாட்டுவார், கூட வந்தவர்கள்தான் பதறுவார்கள்: "ஒரு தடவை எடுத்தா மறுபடி மறுபடி ஊறுமாமே டாக்டர்?"

ஊறும்தான், பலருக்கு ஓரிரு வாரத்திலேயே. ஆனால் எடுத்ததால் ஊறுவதில்லை, நோய் உள்ளே இருப்பதால் ஊறுகிறது. எடுக்காமல் விட்டாலும் அது பாட்டுக்குச் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். சினைப்பை, இரைப்பை, கணையம், பெருங்குடல் புற்றுநோய்களில் வயிற்றின் உள்சவ்வில் நோய் பரவி நீர் கசியலாம். கல்லீரலில் கட்டிகள் நிறைந்து, அங்கே போகும் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடியும் கோக்கலாம். எந்த வகை என்று தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற நீர் மாத்திரைகள் இரண்டாவது வகைக்குத்தான் ஓரளவு கேட்கும். சவ்வில் பரவியவருக்கு அதைக் கொடுத்தால் ஒன்றுக்குப் போய்ப் போய்க் களைத்து, ரத்த அழுத்தம் இறங்கி, சிறுநீரகமும் அடிவாங்குவதுதான் மிச்சம்.

எடுக்கும் முறை பெரிய ஆபரேஷன் இல்லை. ஸ்கேனில் நீர் ஆழமாக இருக்கும் இடத்தைப் பார்த்து, பெரும்பாலும் இடது அடிவயிற்றில், தோலை மரத்துப்போக வைத்து மெல்லிய குழாயைச் செலுத்துவோம். பெரும்பாலும் வெளிர் மஞ்சளாக இருக்கும், சிலருக்கு ரத்தம் கலந்தும் வரும். நாலைந்து லிட்டர் வடிவது சாதாரணம். பத்தில் ஒன்பது பேருக்கு இதில் நல்ல நிவாரணம் கிடைக்கிறது. குழாய் எடுத்த அன்று மாலையே கொஞ்சம் காலை நீட்டிப் படுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தலைசுற்றல், போட்ட இடத்தில் கசிவு, அரிதாகக் கிருமித் தொற்று, ரத்தக்கசிவு வரலாம். கசிவு நிற்காவிட்டால் பஞ்சை மாற்றி மாற்றி அவதிப்படாமல், மலம் சேகரிக்கும் ஒட்டுப்பை ஒன்றை அந்த இடத்தில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். துணி நனையாது, தோலும் புண்ணாகாது.

சத்தெல்லாம் போய்விடுமே என்ற கவலையும் உண்டு. அந்த நீரில் புரதம் இருப்பது நிஜம். ஆனால் வயிறு அழுத்திப் பசியே இல்லாமல் கிடப்பவருக்கு, நீர் இறங்கிய பிறகு சாப்பிட முடிவதுதான் பெரிய லாபம். அப்புறம் இந்த உப்பு விஷயம்: உப்பில்லாமல் கொடுங்கள், தண்ணீரைக் குறையுங்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஏற்கெனவே சாப்பிட முடியாதவரை இன்னும் வாட்டுகிறார்கள். சவ்வில் பரவிய நோயில் இதனால் பெரிய பலன் கிடையாது. பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள்.

அடிக்கடி எடுக்க வேண்டியிருந்தால், தோலுக்கடியில் செலுத்தி நிரந்தரமாக விட்டுவைக்கும் குழாய் இருக்கிறது. வீட்டிலேயே தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ கொஞ்சம் கொஞ்சமாக வடிக்கலாம். கையைக் கழுவி, சுத்தமாகக் கையாளும் ஆள் வீட்டில் வேண்டும். காய்ச்சல், வயிற்றுவலி, கலங்கிய நீர், குழாயைச் சுற்றிச் சிவப்பு, இதில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள்.

வாழ்நாள் இன்னும் ஓரிரு நாள்தான் என்ற நிலையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் நான் குழாய் போடுவதில்லை. மூச்சுத் திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின், குமட்டலுக்கு மருந்து, தலைப்பக்கம் உயர்த்திய படுக்கை, அவ்வளவுதான்.