பிரேக் பிடிக்காத ரோஜா

சிண்டரெல்லா என்று ஒரு குட்டி ரோஜா உண்டு. முழுதாக மலர்ந்தாலும் பூவின் அகலம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். வெளிர் இளஞ்சிவப்பு, அடுக்கடுக்கான இதழ்கள், காம்பில் முள் அநேகமாக இல்லை. நெதர்லாந்தின் யான் டி வின்க் 1953இல் அறிமுகப்படுத்திய ரகம் இது. இதன் வம்சாவளியைத் தோண்டினால், சுவிட்சர்லாந்தில் ஜன்னலோரத் தொட்டியில் வளர்ந்துகொண்டிருந்த ஒரு குள்ளச் செடியில் போய் நிற்கும். அந்தச் செடியோ சீன ரோஜா வழி வந்தது.

அந்தச் சீன ரத்தம்தான் விஷயமே. காட்டு ரோஜாக்கள் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு முறைதான் பூக்கும். வசந்தம் முடிந்ததும் கேஎஸ்என் என்ற மரபணு விழித்துக்கொண்டு 'பூத்தது போதும், இனி இலை விடு' என்று தடுத்துவிடும். சீன ரோஜாவில் என்றோ ஒரு நாள், இடம் மாறித் திரியும் ஒரு டிஎன்ஏ துண்டு அந்த மரபணுவுக்குள் போய்ச் செருகிக்கொண்டது. பிரேக் போயிற்று. அதன்பின் ஒவ்வொரு தளிரும் நுனியில் பூவோடுதான் முடிகிறது. தொடர்ந்து பூக்கும் ரோஜாக்களின் ரகசியம் இந்தப் பழுதுதான்!

இது புரிந்தால் கவாத்து எதற்கு என்பதும் புரியும். தண்டின் நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே இறங்கி, கணுக்களில் உள்ள தளிர் மொட்டுகளைத் தூங்க வைக்கிறது. வாடிய பூவை, ஐந்து சிற்றிலை கொண்ட ஓர் இலைக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் பார்த்த கணுவாகத் தேடி வெட்டினால் அந்த மொட்டு விழிக்கும். புதுத் தளிர் வரும், அதன் நுனியில் பூவும் வரும். பலருக்கு வெட்ட மனசு வராது. வெட்டாமல் விட்டால் செடி காய் பிடிப்பதில் சத்தைச் செலவழிக்கும்.

ஓயாமல் பூப்பதால் பசியும் அதிகம். தினமும் ஆறு மணி நேர வெயில், தண்ணீர் தேங்காத மண், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி உரம், இவை போதும். புதுச் செடிக்கு தண்டுத் துண்டை நட்டு வேர் பிடிக்க வையுங்கள். வீரியமான வேர்ச்செடியில் ஒட்டினால் இந்தக் குள்ளன் உயரமாகிவிடும், அப்புறம் குட்டி ரோஜா என்று எப்படிச் சொல்வது?

இலை மங்கலாகி, பொடிப்பொடியாக வெளிர்ப்புள்ளி விழுந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பாருங்கள். மெல்லிய நூலாம்படைக்கு நடுவே எட்டுக்கால் பொட்டுகள் நகரும். சிலந்திப்பேன். வறண்ட சூட்டில் பெருகும் ஜாதி அது, இலையின் அடியில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே பெருமளவு உதிர்ந்துவிடும். ஆனால் காலையிலேயே செய்துவிடுங்கள். இலை பல மணி நேரம் ஈரமாகவே கிடந்தால் கரும்புள்ளிப் பூஞ்சை முளைத்துவிடும்.

கோடையில் பூ கிட்டத்தட்ட வெள்ளையாகி, 'ரகம் மாறிப்போச்சா' என்று சந்தேகம் வரும். மாறவில்லை. இளஞ்சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் நிறமி சூட்டில் குறைவாகவே உருவாகும். குளிர் வந்ததும் அதே செடியில் நிறம் திரும்பிவிடும்.