கிணற்றை இறக்கினால் சவர் போகாது

கோடை முற்றும் நேரத்தில் யாழ்ப்பாணத்து வலிகாமத் தோட்டங்களுக்குப் போனால் இந்தக் கேள்விதான் முதலில் வரும்: “தண்ணி சவர்க்குது தம்பி, இன்னும் பத்தடி இறக்கினால் சரிவருமோ?” சரிவராது. தண்ணீர் கூடும், கூடவே சவரும், அதாவது உவர்ப்பும், கூடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. மேலே ஒரு மீற்றர் நிரந்தரமாகக் குறைந்தால் உப்பு 40 மீற்றர் ஏறப் பார்க்கும். நம்பாதவர்களுக்கு நிலாவரைக் கிணறு இருக்கிறது. மேலே நன்னீர், ஆழம் போகப்போக உப்பு.

எங்கள் கிணறுகள் வேகமாக ஊறுவதுதான் பலரை ஏமாற்றுகிறது. அடி தெரிய இறைத்தாலும் கொஞ்ச நேரத்தில் ஏறிவிடும். நல்ல ஊற்று என்று மகிழ்கிறோம். ஆனால் அப்படி ஏறுவதில் ஒரு பங்கு கீழிருந்து இழுபட்டு வரும் உப்புநீர். துலா மிதித்த காலத்தில் இன்றைக்கு இவ்வளவு போதும் என்று ஆளின் உடம்பே நிறுத்திவிடும். மோட்டரை நாங்கள்தான் நிறுத்த வேண்டும்.

நான் எல்லாரிடமும் கேட்பது ஒரு சின்னச் சோதனை. இறைக்கத் தொடங்கும்போது ஒரு போத்தல் தண்ணீர், நிறுத்துவதற்குச் சற்று முன் இன்னொரு போத்தல். இரண்டின் மின்கடத்துதிறனையும் அளந்து பாருங்கள்; தண்ணீரில் உப்புக் கூடக்கூட இந்த எண்ணும் கூடும். இரண்டாவதில் எண் ஏறியிருந்தால் உப்பு மேலெழுகிறது என்று அர்த்தம். வெங்காயம் இதில் மிகவும் மென்மையான பயிர். இறைக்கும் நீரில் அந்த எண் மீற்றருக்கு 0.8 டெசிசீமன் வரை இருந்தால் விளைச்சல் குறையாது, 1.2 ஆனால் பத்தில் ஒரு பங்கு போய்விடும். தாளின் நுனி கருகி, வாய்க்கால் ஓரம் வெள்ளை படர்ந்த பிறகு அளப்பது பிந்திப்போன வேலை.

எண் ஏறினால் ஒரே மூச்சில் இறைக்காமல் காலையும் மாலையுமாகப் பிரியுங்கள். உறிஞ்சு குழாயின் வாயை அடியிலே போடாமல் உயர்த்திக் கட்டுங்கள்; மோட்டர் காற்றிழுத்தால் அன்றைய இறைப்பு முடிந்தது. சொட்டுநீர் போட முடிந்தவர்கள் போடுங்கள். அப்புறம், பக்கத்துத் தோட்டக்காரரோடு பேசி முறை வைத்து இறையுங்கள். ஒரே வெடிப்பில் நிற்கும் கிணறுகளில் ஒருவர் மட்டும் அடக்கமாக இறைப்பதால் பெரிய பலன் இராது.

மாரிக்கு முன் வரப்பை உயர்த்தினால் மழைநீர் தோட்டத்திலேயே இறங்கும். ஊர்க் குளத்தைத் தூர்வாரும் வேலையைக் கமக்காரர் அமைப்பில் பேசி ஆவணியிலேயே தொடங்குங்கள். ஐப்பசியில் நீர் ஏறிய குளத்துக்குள் இயந்திரம் இறக்க முடியாது.