சைலேஜ் என்னும் ஊறுகாய்ப்புல்

பசுந்தீவனத்தை நறுக்கி, காற்றுப் புகாமல் அடைத்து, புளிக்கவைத்துச் சேமித்த தீவனத்துக்குச் சைலேஜ் என்று பெயர். தானியம் சேமிக்கும் நிலத்தடிக் குழியைக் குறித்த 'சிரோஸ்' என்ற கிரேக்கச் சொல், லத்தீன் வழியாக ஸ்பானியத்தில் 'சிலோ' ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் வேர். குழியிலிடும் வேலைக்குப் பிரெஞ்சில் 'ஆன்சிலாஜ்' என்பார்கள். அதன் முன்பகுதி உதிர்ந்ததே சைலேஜ். ஒகுஸ்த் கொஃபார் என்ற பிரெஞ்சுப் பண்ணையாளர் மக்காச்சோளத்தை இப்படிச் சேமிப்பது பற்றி 1877இல் நூல் எழுதிய பிறகு இம்முறை பல நாடுகளுக்கும் பரவியது.

தமிழில் 'பதப்படுத்திய பசுந்தீவனம்', 'ஊறுகாய்ப்புல்' என்ற இரண்டும் புழங்குகின்றன. முன்னது உலர்புல்லுக்கும் பொருந்திவிடும். காற்றில்லாத இடத்தில் ஊறிப் புளிப்பதுதான் இதன் உயிர்நாடி என்பதால் ஊறுகாய்ப்புல்லே சரியான சொல். ஆனால் இதைக் கெடாமல் காப்பது உப்பு அல்ல. தண்டிலுள்ள சர்க்கரையை உண்டு நுண்ணுயிரிகள் உண்டாக்கும் லாக்டிக் அமிலமே காக்கிறது. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4-ஐ ஒட்டி விரைவாக இறங்க வேண்டும்; இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தொடக்கத்திலேயே அமிலத்தைத் தெளித்து அதை 4-க்குக் கீழே கொண்டுவரும் முறையை வகுத்த ஃபின்லாந்து வேதியியலாளர் விர்தானென், 1945இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் பண்ணைகளில் பெரும்பாலும் சறுக்குவது ஈரத்தில்தான். உலர்பொருள், அதாவது நீர் நீங்கலான பகுதி, 30 முதல் 35 விழுக்காடு இருக்க வேண்டும். மக்காச்சோளத்தைப் பால் முற்றி மாவுப் பதம் வரும்போது அறுத்தால் இந்த அளவு தானாகக் கிடைக்கும். கம்பு நேப்பியர் என்னும் தீவனப்புல் அப்படியல்ல. தண்ணீர் அதிகம், சர்க்கரை குறைவு. அறுத்த கையோடு குழியில் போட்டால் கிளாஸ்ட்ரிடியம் என்ற கெடுக்கும் பாக்டீரியா பெருகி, பியூட்ரிக் அமில நாற்றம் அடிக்கும்; மாடு முகர்ந்துவிட்டு விலகும். வெயிலில் அரை நாள் முதல் ஒரு நாள் வாட்டி, 1 முதல் 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் நீர் சொட்டினால் இன்னும் வாட வேண்டும். கையை விரித்ததும் உதிர்ந்துபோனால் காய்ந்துவிட்டது, அழுத்தினாலும் காற்று வெளியேறாது. உருண்டை மெல்ல விரிந்தால் சரியான பதம்.

நேப்பியருக்குச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு டன்னுக்கு 20 முதல் 30 கிலோ தேவைப்படும். சம அளவு நீரில் கரைத்து ஒவ்வோர் அடுக்கிலும் தெளிக்க வேண்டும். மேலாக ஊற்றினால் அடிப்பகுதிக்குப் போய்ச் சேராது. மக்காச்சோளத்துக்குப் பாகு வேண்டியதில்லை. வேலிமசால், குதிரைமசால் போன்ற பயறுவகைகள் பி.எச். அளவை இறங்கவிடாமல் எதிர்க்கும்; அவற்றைத் தனியாக ஊறவைக்காமல் சோளத்தோடு கலந்து நறுக்குவதே நல்லது.

அரையடிக்கு ஓர் அடுக்காகப் பரப்பி, டிராக்டரை ஏற்றி மிதித்து, மழை படுமுன் தார்ப்பாய் மூடி, ஓரமெங்கும் மண் அணையுங்கள். 45 நாள் கழித்துத் திறக்கலாம். நன்றாக ஊறியது மஞ்சள் கலந்த பச்சையாக, இதமான புளிப்பு மணத்தோடு இருக்கும். கரும்பழுப்பு நிறமும் கருகிய வெல்ல வாசமும் வந்தால் சரியாக மிதிபடாமல் உள்ளே சூடேறியிருக்கிறது; புரதத்தின் ஒரு பகுதி செரிக்காமல் போகும். திறந்தபின் காற்றுப் பட்டு ஈஸ்ட் விழித்துக்கொண்டு தீவனத்தைக் கெடுக்கும் என்பதால், முகப்பு முழுவதிலும் தினமும் அரையடியாவது வெட்டி எடுக்க வேண்டும். பூஞ்சை படிந்ததை மாட்டுக்குப் போடாமல் எருக்குழியில் கொட்டிவிடுங்கள்.