அணிலுக்குக் காரம் உறைக்குமா?

கனடாவில் டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "போன அக்டோபரில் ஐம்பது துலிப் கிழங்கு நட்டேன். மேலே மிளகாய்த்தூளும் தூவினேன். ஒரே வாரத்தில் பாதியை அணில் தோண்டிக்கொண்டு போய்விட்டது. அணிலுக்குக் காரம் உறைக்காதா?"

நன்றாகவே உறைக்கும். நமக்கு எந்த வழியில் உறைக்கிறதோ அதே வழியில்தான் அதற்கும். தூள் தோற்றதற்குக் காரணம் வேறு. அதைப் புரிந்துகொள்ள முதலில் அணிலின் அக்டோபர் மாத வேலையைப் பார்க்க வேண்டும்.

டொராண்டோவில் கறுப்பாகவும் சாம்பலாகவும் ஓடுகிற இரண்டும் ஒரே இனம்தான், கிழக்குச் சாம்பல் அணில். இது குளிர்காலம் முழுக்கத் தூங்குவதில்லை. அதனால் இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகளை ஒவ்வொன்றாக, தனித்தனிக் குழியில், சில சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து வைக்கும். மற்ற அணில்கள் புதைத்ததையும் தேடித் திருடும். புதிதாகக் கிளறிய இளகிய மண்ணைக் கண்டால் அங்கே ஏதோ இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். நாம் துலிப் நடுவதும் அதே மாதத்தில். போதாக்குறைக்கு, நடும்போது உதிர்ந்த பழுப்புத் தோலை மண்மேல் அப்படியே விட்டுவிடுகிறோம்.

இப்போது காரத்துக்கு வருவோம். வாய், மூக்கு, கண், தோல் எல்லாவற்றிலும் உள்ள வலி நரம்புகளின் நுனியில் டிஆர்பிவி1 என்ற புரதம் இருக்கிறது. நரம்புச் செல்லின் சவ்வில் பதித்த சின்னக் கதவு அது. சூடு சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கதவு திறக்கும், கால்சியம் உள்ளே பாயும், 'சுடுகிறது' என்ற செய்தி மூளைக்குப் போகும். மிளகாயில் உள்ள கேப்சைசின் இந்தக் கதவின் பக்கவாட்டு இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டு, சூடே இல்லாமல் அதைத் திறந்து பிடித்துக்கொள்கிறது. பச்சை மிளகாயைக் கடித்துவிட்டு 'வாய் எரியுது' என்கிறோமே, நரம்பைப் பொறுத்தவரை அது எழுத்துக்கு எழுத்து உண்மை.

இந்தக் கதவைக் கண்டுபிடித்த விதம் எத்தனை முறை படித்தாலும் அலுக்காதது. கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வகத்தினர், எலி இனங்களின் வலி நரம்புகளில் இயங்கும் மரபணுக்களையெல்லாம் திரட்டி ஒரு தொகுப்பு ஆக்கினார்கள். கேப்சைசினைக் கண்டுகொள்ளாத சாதாரணச் செல்களுக்குள் அந்தத் தொகுப்பைப் பகுதி பகுதியாகச் செலுத்தினார்கள். கால்சியம் புகுந்தால் ஒளிர்வு மாறும் சாயத்தையும் ஏற்றி, மேலே கேப்சைசினை விட்டு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஏதோ ஒரு பகுதியில் சில செல்கள் மட்டும் பளிச்சென்று மாறின. அந்தப் பகுதியைப் பிரித்து, மறுபடி பிரித்து, கடைசியில் ஒற்றை மரபணுவைப் பிடித்தார்கள். ஆண்டு 1997. அந்தக் கதவு சூட்டுக்கும் திறக்கிறது என்பது அதன் பிறகு தெரிந்தது. 2021இல், தொடுவுணர்வை ஆராய்ந்த ஆர்டெம் பட்டாபூட்டியனோடு சேர்த்து ஜூலியஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 'மிளகாய் ஏன் எரிகிறது' என்பதற்கு உடனடிப் பயனைக் காட்டு என்று சொல்லி நிதியை மறுத்திருந்தால், நாம் சூட்டை எப்படி உணர்கிறோம் என்பது இன்னும் எத்தனை காலம் புதிராகவே இருந்திருக்குமோ. விண்ணப்பத்தில் பயன் என்ற கட்டத்தை நிரப்பச் சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பறவைகளுக்கும் இதே கதவு உண்டு. ஆனால் கோழியின் கதவைச் சோதித்தபோது அது சூட்டுக்குத் திறந்தது, கேப்சைசினுக்கு அசையவில்லை. கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்பது இதனால்தான். செடிக்கு இதில் என்ன லாபம்? அரிசோனாவில் காட்டு மிளகாயை வைத்துச் செய்த ஆய்வு 2001இல் வெளியானது. உறைக்கும் பழத்தை எலிகள் தொடவில்லை, பறவை தின்றது. காரமில்லாத வகையைக் கொடுத்தபோது எலிகளும் தின்றன, ஆனால் அவற்றின் வயிற்றைக் கடந்த விதை முளைக்கவில்லை. பறவையின் வயிற்றைக் கடந்தது நன்றாக முளைத்தது. விதையை அரைக்கும் பல்லுக்குத் தடை, முழுதாகக் கொண்டுபோய்ப் போடும் அலகுக்கு அனுமதி. மிளகாய் நமக்காகக் காரமானது அல்ல!

அணில் குடும்பத்தில் இன்னொரு அதிசயம் இருக்கிறது. வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் பதின்மூன்று வரித் தரையணிலின் கதவை 2016இல் ஒரு குழு சோதித்தது. 46 டிகிரி வரை சூடாக்கியும் அது திறக்கவில்லை. ஆனால் கேப்சைசினுக்குத் திறந்தது. ஒட்டகத்துக்கும் இதே கதை. புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றியதும் சூட்டுக்கும் திறந்துவிட்டது. நம் தோட்டத்து அணிலின் உறவுக்காரர் சூட்டுக்கு மரத்துப்போயும் காரத்துக்கு மரக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் ஏன் ஸ்கார்பரோவில் தூள் தோற்றது? கேப்சைசின் அந்தக் கதவைத் தொட்டால்தான் வேலை செய்யும். தூள் கிடப்பது மண்மேல், கிழங்கு இருப்பது ஒரு சாண் கீழே. அணில் முன்னங்கால்களால் மண்ணைப் பின்னால் தள்ளித் தோண்டுகிறது, தடித்த பாதத்தோலில் அவ்வளவாக உறைக்காது. கேப்சைசின் தண்ணீரில் கரைவது அரிது என்றாலும், தூளை அடித்துக்கொண்டு போக மழைக்கு அது கரைய வேண்டியதில்லை. காற்றில் பறந்தால் குழந்தையின் கண்ணிலும் பூனையின் கண்ணிலும் விழும்.

காரத்துக்கு உரிய இடங்கள் இரண்டு. ஒன்று, பறவைகளுக்கு வைக்கும் தானியம். கேப்சைசின் பூசிய தானியம் கடையிலேயே கிடைக்கிறது, பறவை தின்னும், அணில் விலகும். இன்னொன்று, வசந்தத்தில் முயல் கடிக்கும் இளந்தளிர். இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்த்தூளை ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெயில் இரவு முழுக்க ஊற வையுங்கள். காரம் எண்ணெயில்தான் இறங்கும். பிறகு அரைத் தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவச் சோப்பை அதில் கலக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்துத் துணியில் வடிகட்டுங்கள். அடுப்பில் கொதிக்க வைத்தால் நெடி கமறும், வேண்டாம். ஓர் இலையில் அடித்து ஒருநாள் பார்த்துவிட்டு, சாயங்காலத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுத் தெளிக்கவும். மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும்.

கிழங்கைக் காப்பது கம்பிவலைதான். ஐம்பது கிழங்குக்கு ஒரு சதுர மீட்டர் பாத்தி போதும். 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டு, மண்ணை மூடி மிதித்து, ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மண் இறுகினால் 'புதுக் குழி' என்ற அடையாளம் பாதி போய்விடும். உதிர்ந்த தோலை ஒன்று விடாமல் பொறுக்கிவிடுங்கள். எலும்புத்தூள் உரம் போடாதீர்கள், அந்த வாசனைக்கு நாயும், ஸ்கங்க் என்ற நாற்றம் பீய்ச்சும் விலங்கும் வந்து தோண்டும். பிறகு 25 மில்லிமீட்டர் கண்ணுள்ள, துத்தநாகம் பூசிய கோழிக்கூட்டு வலையை 1.3 மீட்டர் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் 15 சென்டிமீட்டர் வெளியே நிற்கும்படி மண்மேல் விரியுங்கள். பலரும் கோட்டை விடுவது ஓரத்தில்தான். பாத்தி அளவுக்கே வெட்டினால் அணில் விளிம்பைத் தூக்கிவிடும். 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, வளைத்த கம்பி முளைகளைச் சுற்றிலும் அழுத்தி அடியுங்கள். பதினெட்டு தேவைப்படும். மேலே காய்ந்த இலையைப் பரப்பலாம். மண்ணுக்கடியில் வளை போட்டு வரும் வோல் எலி உள்ள இடத்தில் இந்த வலை போதாது. 12 மில்லிமீட்டர் வலையில் கூடை செய்து கிழங்கை அதற்குள் வைத்துப் புதைக்க வேண்டும்.

அந்துருண்டை போடச் சொல்வார்கள், கூடவே கூடாது. அது மண்ணில் கலக்கும் நஞ்சு. பிளாஸ்டிக் ஆந்தை திருஷ்டிப் பொம்மைக்குச் சமம், சில நாளில் அணில் அதன் தலையிலேயே ஏறி உட்காரும்.

துலிப்போடு மல்லுக்கட்ட விருப்பமில்லையென்றால் டஃபோடில் என்ற பூச்செடியின் கிழங்கை நடலாம். அதில் வாந்தி வரவைக்கும் லைகோரின் இருக்கிறது. கூடவே ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்களும் இருக்கின்றன. கருணைக்கிழங்கு தொண்டையை அரிப்பதும், அதைப் புளி விட்டுச் சமைப்பதும் இதே ஊசிகளால்தான். துலிப்பில் இந்தக் காவல் போதாது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்து மக்களே துலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள்.  டஃபோடிலையும் அணில் முதலில் தோண்டி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வீசும், ஆகவே நட்ட முதல் இலையுதிர் காலத்தில் அதற்கும் வலை வேண்டும்.

பனி கரைந்ததும் இலையை விலக்கித் தினமும் பாருங்கள். துலிப்பின் சிவந்த கூர்முனை வலைக்கண்ணில் எட்டிப் பார்த்த அன்றே வலையை எடுத்துவிட வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் இலை கண்ணுக்குள் விரிந்து சிக்கிக்கொள்ளும், வலையை இழுக்கும்போது குருத்து ஒடியும்.