துபாய் மணலும் கோத்தகிரிச் சரிவும்

"துபாய்ல மணல் மேல நூத்தறுபது மாடி நிக்குது. இங்க ஆறு மாடிக்கு என்ன சார் பயம்?" கட்டட இன்ஜினியரான என்னிடம் இந்த மாதமும் ஒருவர் கேட்டுவிட்டார். சைட் கோத்தகிரிப் பக்கம், தேயிலைச் சரிவில். ரோட்டிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி, கீழே ஓடையில் நின்று பார்த்தால் ஆறு. உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற நீலகிரி விதியை இப்படித்தான் ஏமாற்றப் பார்க்கிறார்கள். அதை அதிகாரிகள் பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு மண்தான் கவலை.

முதலில் அந்தத் துபாய் கட்டடம், புர்ஜ் கலீஃபா. அது மணல் மேல் உட்கார்ந்திருக்கவில்லை. ஒன்றரை மீட்டர் விட்டத்தில் 192 பைல்கள், அதாவது தரைக்குள் இறக்கிய தூண்கள், ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம் வரை. அவற்றின் தலையில் 3.7 மீட்டர் தடிமனுக்கு ராஃப்ட், அதாவது ஒரே கான்கிரீட் பலகை. அதைவிட முக்கியம், சுற்றிலும் சமதரை. எடை நேராகக் கீழே இறங்குகிறது. பக்கவாட்டில் வருவது காற்று, அதற்கு மாதிரி செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். நம் சைட்டில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வெறும் பள்ளம். மண் எப்போதும் ஒரே திசையில் தள்ளும், தண்ணீர் ஊறினால் இன்னும் பலமாகத் தள்ளும். தூணைப் பெரிதாக்கி கம்பியைக் கூட்டினால் போதும் என்கிறார்கள். கட்டடம் உடையாமலேயே, நிற்கிற மண்ணோடு சேர்ந்து போய்விடும் ஐயா!

உதாரணம் வேண்டுமென்றால் மலேசியாவைப் பாருங்கள். கோலாலம்பூர் அருகே மலைச்சரிவின் அடியில் ஹைலேண்ட் டவர்ஸ் என்று மூன்று பன்னிரண்டு மாடிக் குடியிருப்புகள். 1993 டிசம்பர் 11 அன்று, நாள்கணக்கில் பெய்த மழைக்குப் பின், அதில் ஒன்று அப்படியே சாய்ந்தது. 48 பேர் இறந்தார்கள். மேலே சரிவில் வடிகால் சரியில்லை, தடுப்புச் சுவர்கள் சரிந்தன, அந்த மண் அடித்தளத்தைத் தள்ளியது. தண்டவாளத்தால் ஆன அந்தப் பைல்கள் எடை தாங்கப் போட்டவை, பக்கத் தள்ளலுக்குப் போட்டவை அல்ல. அதற்கு முந்தைய மாதம்தான் நம் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலம் என்ற இடத்தில் மலை சரிந்தது. 2009 நவம்பரில் நீலகிரி முழுக்க மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

"மூணடியில பாறை வந்துடுச்சு" என்று மேஸ்திரி சொன்னால் நம்பாதீர்கள். இங்கே பாறை மக்கி மண்ணாகும்போது இடையிடையே உருண்டைக் கற்கள் மக்காமல் தங்கிவிடும். கார் அளவு கல்லுக்குக் கீழேயும் இருபதடி செம்மண் இருக்கலாம். துளை போட்டு மண் பரிசோதனை செய்யாமல் என்னிடம் டிராயிங் கேட்டு வராதீர்கள்.

சரிவைச் செங்குத்தாக வெட்டிவிட்டு ஐப்பசி மழைக்கு அப்படியே போட்டு வைக்காதீர்கள். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய துளைக் குழாய் வைத்தால் மட்டும் போதாது, பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டும். வெறும் மண்ணைத் தள்ளினால் குழாய் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் முழுவதும் சுவருக்குப் பின்னால் தேங்கும். கூரைத் தண்ணீர், செப்டிக் டேங்க் வழிவது எதையும் சரிவில் விடாதீர்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். 2024 பிப்ரவரியில் ஊட்டி அருகே லவ்டேலில் கட்டட வேலைக்கு வந்த ஆறு பெண்கள், மேலேயிருந்த பழைய கட்டடம் சரிந்து இறந்தார்கள். பள்ளத்துக்குள் ஆளை இறக்குவதற்கு முன் மேலே என்ன நிற்கிறது என்று பாருங்கள், முட்டுக் கொடுங்கள். தயவுசெய்து.

ஃப்ளாட் வாங்க வருகிறவர்களே, பால்கனி வியூவை அப்புறம் ரசிக்கலாம். மழை பெய்த மறுநாள் கட்டடத்தின் பின்பக்கம் போய் தடுப்புச் சுவரைப் பாருங்கள். துளைகளில் தண்ணீர் வடியாமல் காய்ந்து கிடந்து, சுவரும் வயிறு தள்ளியிருந்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.